செரி பீச்சில் காற்றுக்குக் காத்திருப்பவர்கள்

ரொறன்ரோவில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. குளிர் எத்தனை பாகை என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வார்கள். காற்று வடக்கா தெற்கா என்றால் கையை விரிப்பார்கள். காற்றைத் தவிர வேறு கதையே இல்லாத ஒரு கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால், நகரின் நடுவிலிருந்து செரி ஸ்ட்ரீற்றைப் பிடித்து, றோட்டு முடிந்து மணல் தொடங்கும் இடம்வரை தெற்கே போக வேண்டும்.

போகும் வழி கடற்கரைக்குப் போகிற வழி மாதிரியே இராது. முதலில் சிவப்பும் வெள்ளையுமான புதுப் பாலங்கள் வரும். டொன் ஆற்றுக்குப் புதிதாக ஒரு வாய் வெட்டிவிட்டபோது, நோவா ஸ்கோஷியாவில் செய்து தெப்பத்தில் ஏற்றி, சென் லோறன்ஸ் ஆற்று வழியாகக் கொண்டுவந்து வைத்த பாலங்கள். பிறகு கப்பல் வாய்க்காலுக்கு மேலே பழைய தூக்குப் பாலம். கிழக்கே ஹேர்ண் மின்நிலையத்தின் 215 மீற்றர் புகைபோக்கி. அதில் புகை நின்று பல காலம். பனிக்காலத்தில் றோட்டுக்குப் போடுகிற உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கும். சீமெந்துக் கூண்டுகள், படப்பிடிப்புக் கூடங்கள், கனரக லொறிகள். நூறு வருடங்களுக்கு முன் இந்த நிலம் முழுவதும் அஷ்பிறிட்ஜஸ் பே என்ற சதுப்பு. நிரப்பித் தொழிற்சாலை கட்டினார்கள். அத்தனையையும் தாண்டினால் மரங்களும், நாய்களை அவிழ்த்து விடுகிற வெளியும், உயிர்காப்பாளரின் பழைய வெள்ளை மரக் கட்டடமும், எதிரே ஏரியும்.

அங்கே கார் நிறுத்துமிடத்தில் நிற்பவர்களை உடனே அடையாளம் காணலாம். நீருடையை இடுப்பு மட்டும் ஏற்றி, கைகள் இரண்டையும் தொங்கவிட்டபடி, ஒரு கண்ணைக் கைபேசியிலும் மறு கண்ணை மர நுனியிலும் வைத்திருப்பார்கள். "பதினாலு." "தீவுப் பக்கம் பதினாறு காட்டுது." "நாலு மணிக்கு ஏறும்." ஏறாமலே போன பின்னேரங்களும் உண்டு. அப்போதும் யாரும் கோபித்துக்கொண்டு புறப்படுவதில்லை. கோப்பியைக் குடித்துக்கொண்டு, ஒருவர் வாங்கிய பட்டத்தை மற்றவர் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

என்னை அங்கே கூட்டிப்போனவள் அக்காவின் மகள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள், கணினி வேலை. அவள் கைட்சர்ஃபிங் பழகப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே அக்கா எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "உவளுக்கு என்ன விசரே? தண்ணிக்கை நிண்டு பட்டம் ஏத்தப் போறாளாம். ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வா, தம்பி." வேவு பார்க்கப் போனவன்தான் நான். போகப் போகக் காற்றுக் கதை எனக்கும் தொற்றிவிட்டது.

காலைப் பலகையில் செருகி, பட்டத்தை இடுப்பில் கொழுவி, தண்ணீரின் மேல் ஓடுவது. விளையாட்டு இவ்வளவுதான். பட்டம் என்றதும் ஈர்க்கும் தாளும் கண்ணில் வந்தால் அதை அழித்துவிட வேண்டும். இது காற்றடித்த குழாய்களின் மேல் இழுத்துத் தைத்த துணி. முன் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு பெரிய குழாய், அதிலிருந்து பின்னோக்கிச் சில சிறிய குழாய்கள். கைப்பம்பால் அடிக்க வேண்டும். விரலால் சுண்டினால் டங்கென்று கேட்கும்வரை அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் குப்புறப் போட்டு, மேலே இரண்டு கை மணல் அள்ளி வைப்பார்கள். அந்த மணலை மறந்தால் பட்டம் தானாக எழும்பி, பக்கத்தில் வெயில் காய்பவரின் தலையில் போய் இறங்கும்.

பட்டத்திலிருந்து நான்கு கயிறுகள், ஒவ்வொன்றும் 20 முதல் 25 மீற்றர். நடுவில் உள்ள இரண்டும் பாரத்தைத் தாங்கி, இடுப்புப் பட்டியின் கொளுக்கியில் வந்து சேரும். ஓரத்தில் உள்ள இரண்டும் கையில் பிடிக்கும் தண்டில் முடியும். தண்டை இடப்பக்கம் இழுத்தால் பட்டம் இடம் போகும்; வலப்பக்கம் இழுத்தால் வலம். தண்டை உடம்புக்குக் கிட்ட இழுத்தால் இழுவை கூடும், தள்ளிவிட்டால் குறையும். ஆளை இழுப்பது கையல்ல, இடுப்பு. அதனால்தான் மெலிந்த பெட்டையளும் அறுபது கடந்தவர்களும் இதை விளையாட முடிகிறது.

காற்றடிக்கிற இந்தப் பட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் பிரான்சின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த லெகெஞூ சகோதரர்கள், புருனோவும் டொமினிக்கும். 1984இல் காப்புரிமை பதிந்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் அமிழாமல் மிதக்கும், மிதந்த இடத்திலிருந்தே திரும்ப ஏறும் என்பதுதான் அதன் சிறப்பு. ஆனால் வாங்க ஆளில்லை. அது கடைக்கு வந்து ஓடத் தொடங்கியது 1997 அளவில். அங்கிருந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை வந்துவிட்டது. போட்டி நடந்தது மார்செய்க் கடலில். ஆண்களில் ஒஸ்திரியாவின் வலன்ரின் பொன்ருஸ், பெண்களில் பிரித்தானியாவின் எலி ஆல்ட்றிஜ் தங்கம் எடுத்தார்கள். கடலே இல்லாத ஒஸ்திரியாவுக்குக் கிடைத்த அந்தத் தங்கத்தை, ஏரியை மட்டுமே நம்பியிருக்கும் செரி பீச்காரர்கள் தங்கள் சொந்த வெற்றியாகவே பேசுகிறார்கள்.

பயிற்றுநர் ஒரு கியூபெக்காரப் பெண். முதல் பாடத்தில் பட்டத்தை ஏற்றச் சொல்லித்தருவாள் என்று நினைத்துக்கொண்டு மணலில் இருந்தேன். அவள் சொல்லிக்கொடுத்தது விடுவதற்கு. பட்டமே இல்லை, தண்டை ஒரு மரத்தில் கட்டி, மருமகளைப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கச் செய்து, கண்ணை மூடச் சொன்னாள். "விடு!" என்று கத்துவாள். மூன்று படி. முதலாவது, தண்டைக் கையிலிருந்து விடுவது. அத்தோடு இழுவையில் பெரும்பகுதி போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால், கொளுக்கிக்கு மேலுள்ள சிவப்புப் பிடியைத் தள்ளுவது. பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி, கொடித்துணிபோல் சுருண்டு விழும். அதுவும் போதாவிட்டால், இடுப்போடு பிணைக்கும் கடைசி வாரையும் கழற்றி, பட்டத்தைக் காற்றோடு போக விடுவது. முழுப் பட்டமும் போனால் ஆயிரம் இரண்டாயிரம் டொலர் போனதுதான். "காசு போனால் உழைக்கலாம்" என்று அவள் தன் பிரெஞ்சு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மறுபடியும் "விடு!" என்றாள். இடக்கையால், வலக்கையால், குப்புற விழுந்தபடி, கண்ணைக் கட்டிக்கொண்டு.

எனக்கு அது பிடிபட நேரமெடுத்தது. நான் வடமராட்சியான். மார்கழி, தையில் வாடைக்காற்று எழும்பினால் எங்கள் கரையில் பட்டக்காலம். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலை, ஆளுயரப் படலம், இரவிரவாகக் கூவுகிற விண் பூட்டிய பட்டம். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கிற பட்டத் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும். முச்சை கட்டுவதில் பெயரெடுத்தவர்களுக்கு ஊரில் தனி மரியாதை. அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று: நூலை விடாதே. கை வெட்டுப்பட்டாலும் விடாதே. நூலை விட்டவனின் பெயர் அடுத்த பட்டக்காலம் வரைக்கும் நாறும்.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் நடந்ததை உலகமே கைபேசியில் பார்த்தது. பெரிய பட்டம் ஒன்றைச் சிலர் சேர்ந்து கயிறு பிடித்து ஏற்றினார்கள். காற்று ஒரேயடியாகத் தூக்க, மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள். ஒருவர் விடவில்லை. பனை உயரத்துக்குப் போய்த் தொங்கினார். கீழே நின்றவர்கள் "விடு, விடு" என்று கத்துவது அந்தக் காணொளியில் கேட்கும். அந்த உயரத்தில் விடவா முடியும்? பட்டம் தாழ்ந்து வந்த பிறகு விழுந்து உயிர் தப்பினார். நான் அந்தக் காணொளியைப் பயிற்றுநருக்குக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. விட வேண்டிய நேரம் கால் தரையில் இருக்கும்போதுதான், அதற்குப் பிறகு நேரமே இல்லை என்றாள். புதிதாகப் பழகுபவர்களில் மோசமாக அடிபடுபவர்கள் பெரும்பாலும் தண்ணீரில் அடிபடுவதில்லை. கரையில், பட்டம் ஏற்றுகிற இறக்குகிற வேளையில், பிடியை இறுக்கிக்கொண்டு நின்று இழுபடுகிறார்கள்.

கனடாவுக்கும் இந்தப் பாடத்தில் பழைய அனுபவம் உண்டு. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகம் பெல்லுக்குப் பட்டத்தில் பெரும் பைத்தியம். நோவா ஸ்கோஷியாவின் படெக் என்ற ஊரில், பட்டுத்துணியால் செய்த முக்கோணக் கூடுகளை மூவாயிரத்துக்கு மேல் அடுக்கி, 'சிக்னெட்' என்று ஒரு இராட்சதப் பட்டம் செய்தார். 1907 டிசம்பர் 6ஆம் திகதி, தோமஸ் செல்ஃபிறிஜ் என்ற இளம் அமெரிக்க இராணுவ அதிகாரியை அதில் படுக்க வைத்து, நீராவிப் படகால் ஏரியில் இழுத்தார்கள். 168 அடி உயரத்தில் ஏழு நிமிடம் நின்றது. பிறகு காற்று மெல்ல விழ, பட்டமும் மெல்ல இறங்கியது. படகில் இருந்தவர்கள் இழுகயிற்றை வெட்டப் பிந்திவிட்டார்கள். ஆளோடு சேர்த்துப் பட்டத்தைக் குளிர்நீரில் இழுத்துக் கிழித்தெறிந்தது படகு. செல்ஃபிறிஜ் நீந்தித் தப்பினார். அந்தக் காலத்தில் யாரும் சிவப்புப் பிடி வைக்கவில்லை.

சரி, ஏற்றுவதற்கு வருவோம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்களுக்கு முன்னால், தலைக்கு மேலிருந்து இருபக்கமும் தரையைத் தொடுகிற, ஒரு கோளத்தின் கால்வாசியை நினையுங்கள். பட்டம் அதற்குள்தான் பறக்கும். அதைக் கடிகாரமாக வைத்துப் பேசுவது வழக்கம்: உச்சி 12 மணி, இடது ஓரம் 9, வலது ஓரம் 3. ஓரங்களில் பட்டம் சாந்தமாக நிற்கும். நேர் முன்னே, தாழ்வாக, நடுவில் கொண்டுவந்தால் முழுப் பலத்தோடு இழுக்கும். புதியவர்கள் முதலில் 11க்கும் 1க்கும் இடையில் பட்டத்தைக் காத்துப் பழக வேண்டும். அதுவும் இரண்டு மூன்று சதுர மீற்றர்ப் பயிற்சிப் பட்டத்தில். அந்தச் சின்னப் பட்டத்தை எனக்கும் தந்தார்கள். காற்று வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்று புத்தகத்தில் படித்ததைத் தோள் மூட்டு சொல்லிக் கேட்டேன். 10 நொட் காற்றில் விளையாட்டாக இருந்த துணி, 20 நொட்டில் வேறு பிராணி. அதனால்தான் ஒருவரே 7, 9, 12 சதுர மீற்றர் என்று இரண்டு மூன்று பட்டம் வைத்திருக்கிறார்கள். பழகுபவருக்குத் தோதானது 12 முதல் 18 நொட், மணிக்கு ஏறத்தாழ 22 முதல் 33 கிலோமீற்றர். அதற்குக் கீழே பட்டம் விழும், மேலே ஆள் விழுவார்.

இனி, எந்தக் காற்று. எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சொல்கிற கணக்கிலேயே சொல்கிறேன். செரி பீச் தெற்கே பார்த்த கரை. தென்மேற்கிலிருந்து வருகிற சோழகம் இங்கே ராசா. சாய்வாகக் கரையை நோக்கி வீசும், விழுந்தாலும் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். வாடை வீசினால் கிட்டவும் போகக்கூடாது. வடக்கே நிற்கும் மாடிக் கட்டடங்களில் மோதிச் சிதறி, ஒரு நொடி செத்து ஒரு நொடி அறைகிற காற்று அது; ஆளை ஏரியின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஏரிக்கு அப்புறம் நயாகரா, இடையில் 50 கிலோமீற்றர் தண்ணீர்.

இடத்தின் அமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கே லெஸ்லி ஸ்ட்ரீற் ஸ்பிற் என்ற 5 கிலோமீற்றர் நீளச் செயற்கை முனை. 1950களின் இறுதியில் அலைதடுப்பாகத் தொடங்கி, நகரம் இடித்துத் தள்ளிய கட்டடங்களின் செங்கல்லையும் கொங்கிறீற்றையும் கொட்டி வளர்த்தது. இப்போது பறவைகளின் ஊர். பெரிய அலைகளை அது தடுப்பதால், உள்ளே தண்ணீர் ஓரளவு மட்டமாகக் கிடக்கும். மேற்கே தீவுகள். அவை 1858வரை தீவுகளே இல்லை, கரையோடு ஒட்டிய மணல்திட்டு. அந்த வருட ஏப்ரல் புயல் அறுத்துவிட்ட இடம்தான் கிழக்கு வாய். றெட்பாத் சீனி ஆலைக்குக் கரும்புச் சீனி ஏற்றிவரும் கப்பல்கள் அந்த வாயால் உள்ளே நுழையும். கப்பலுக்குத் திரும்பத் தெரியாது. விலக வேண்டியவர் பட்டக்காரர்தான். தீவின் மேற்கு முனையில் விமான நிலையமும் இருக்கிறது, பட்டம் ஏற்றுபவர் அதையும் மறக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது குளிர். ஒன்ராறியோ ஏரியின் ஆழம் 244 மீற்றர் வரை போகிறது. அடியில் கிடக்கும் தண்ணீர் ஆடி ஆவணியிலும் 4 பாகைதான். கோடையில் மேல்தண்ணீர் 20 பாகைக்குச் சூடேறும், பிள்ளைகள் குளிப்பார்கள். மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் கதை மாறும். பூமியின் சுழற்சியால் மேல்தண்ணீர் காற்றடிக்கும் திசைக்கு வலப்புறமாக, அதாவது வடகரையை விட்டுத் தெற்கே நகரும். அந்த வெற்றிடத்தை நிரப்ப அடித்தண்ணீர் எழும்பி ரொறன்ரோக் கரைக்கு வரும். நேற்று 20 ஆக இருந்தது இன்று 10க்குக் கீழே. பட்டக்காரர்கள் தவமிருந்து கேட்கிற அதே காற்றுத்தான் அந்தக் குளிரையும் கொண்டுவருகிறது. வெயில் சுடச்சுட, முழு நீருடையோடு நிற்பவர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. முழங்கால் மட்டும் இறங்கிப் பார்த்தேன், சிரிப்பு நின்றது.

மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெக்ற் குளிர்நீரில் உடம்பு படும் பாட்டைத் தன் உடம்பிலேயே சோதித்தவர். அவர் சொன்ன 1-10-1 கணக்கை இங்கே எல்லாப் பயிற்றுநரும் சொல்கிறார்கள். பனிக்குளிர்த் தண்ணீரில் விழுந்தால் மூச்சை வசப்படுத்த 1 நிமிடம். கைவிரல்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். சிவப்புப் பிடியைத் தள்ளவும் விரல் வேண்டும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். உயிர்காப்புச் சட்டையும் விசிலும் சட்டப்படியும் வேண்டும். கனடாவின் சிறு கலங்களுக்கான விதிகளில் கைட்போர்டும் கலந்தான். தலைக்கவசம் சட்டத்தில் இல்லை, ஆனாலும் போடுங்கள்.

செரி பீச்சில் பார்த்துப் பழகலாம்; இறங்கிப் பழக அது உகந்த இடமில்லை என்பது என் எண்ணம். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே நிலைக்காது, நாயும் பிள்ளையும் குறுக்கே ஓடும், காற்று விட்டுவிட்டு அடிக்கும். பயிற்றுநரும் அதையேதான் சொன்னாள். ஆகையால் ஒரு சனிக்கிழமை விடியப்புறம் ஈரி ஏரிக்குப் புறப்பட்டோம். அக்கா இடியப்பமும் சொதியும் சம்பலும் கட்டித் தந்தாள். மகளுக்குத் தேசிக்காய் ஒன்றும் தனியாக.

ஹமில்ரனைத் தாண்டி 403இல் பிரான்ற்ஃபோர்ட், அங்கிருந்து தெற்கே சிம்கோ. நோர்ஃபோக் என்கிற அந்தப் பகுதி ஒரு காலத்தில் கனடாவின் புகையிலைத் தோட்டம். யாழ்ப்பாணத்தானுக்குப் புகையிலை என்றால் கண் தானாகத் திரும்பும். வயலோரத்தில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னப் பலகை வீடுகள் புகையிலை உணர்த்தியவை. பல இப்போது சாய்ந்து, கூரை பிய்ந்து கிடக்கின்றன. கறுப்பு வலைப் பந்தலுக்குக் கீழே ஜின்செங் பயிர். மணற்பாங்கான மண், நல்ல கிணறு. இறங்கி ஒரு பாத்தி கட்டிவிட்டுப் போகலாமா என்று தோன்றியது. "மாமா, காத்து மூண்டு மணிக்கு விழுந்திடும்" என்று மருமகள் முடுக்கினாள்.

ரேர்க்கி பொயின்ற், லோங் பொயின்ற் விரிகுடாவின் கரையில் இருக்கிறது. லோங் பொயின்ற் என்பது ஏரிக்குள் 40 கிலோமீற்றர் ஓடும் மணல் முனை; 1986இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக்கியது. ஈரி ஏரியே ஆழம் குறைந்தது, சராசரி 19 மீற்றர். பலத்த தென்மேற்குக் காற்று அதன் தண்ணீரை அப்படியே பஃபலோப் பக்கம் தள்ளிக் குவித்துவிடும். இந்த விரிகுடா அதிலும் ஆழமில்லாதது. எவ்வளவோ தூரம் நடந்தும் இடுப்பளவுதான், அடியில் மணல், தண்ணீர் இளஞ்சூடு. பழகுபவர்களுக்கென்றே செய்துவிட்ட இடம்.

அங்கே பலகையை மருமகள் கண்ணாலும் காணவில்லை, மத்தியானம் வரைக்கும். முதலில் பட்டம் ஏற்றுதல்: பட்டத்தைப் பிடித்திருக்கும் உதவியாளர் காற்றின் ஓரத்தில் நிற்க, இவள் கயிறுகள் நான்கும் சிக்கலில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பெருவிரலை உயர்த்த வேண்டும். பெருவிரல் உயராமல் அவர் விடமாட்டார். பிறகு பலகையில்லாமல் உடம்பால் இழுபடுவது. நெஞ்சு தண்ணீரில் கிடக்க, பட்டம் இழுக்க, வாயெல்லாம் ஏரி. ஒரு கையை முன்னே நீட்டிக் கத்திபோல் வைத்து, மறுகையால் பட்டத்தை ஓட்டினால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகவும் கொஞ்சம் நகரலாம். தவறிப்போன பலகையை மீட்க அதுதான் வழி. பிறகு விழுந்த பட்டத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்புவது. அடுத்தது தன்னைத் தானே காப்பாற்றுவது: பிடியைத் தள்ளிப் பட்டத்தை அடக்கி, கயிற்றைத் தண்டில் சுற்றிச் சுற்றிப் பட்டம்வரை போய், அதையே தெப்பமாக அணைத்துக்கொண்டு கரை சேர்வது. இதைத்தான் அதிக நேரம் செய்யவைத்தார்கள். நான் கரையில் இருந்து சொதியை முடித்தேன்.

பின்னேரம் பலகை வந்தது. தண்ணீரில் குந்தி, கால்களைச் செருகி, முழங்காலை மடக்கி, பட்டத்தை 12இலிருந்து ஒரு பக்கமாக விரைந்து இறக்க வேண்டும். அந்த ஒரு வீச்சில் எழும்பி நின்றால் நின்றதுதான். கொஞ்சம் குறைந்தால் பின்பக்கமாக இருப்பாள், கொஞ்சம் கூடினால் பலகையைத் தாண்டி மூக்குப்பட விழுவாள். இரண்டும் பலதடவை நடந்தது. பிறகு ஒருமுறை எழும்பினாள். நான் எண்ணத் தொடங்குவதற்குள் போய்விட்டாள். ஒரு வீட்டு வளவின் நீளம் இருக்கும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. விழுந்தபோது என்ன செய்தாள் என்பதைத்தான் நான் பார்த்தேன்: தண்டைக் கையிலிருந்து விட்டிருந்தாள். பட்டம் பணிவாகத் தலைக்கு மேலே போய் நின்றது. பயிற்றுநர் கைதட்டியது அதற்கு.

இந்த நிலைக்கு வரப் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 மணி நேரப் பாடம் வேண்டும். காற்றோடு போகக் கற்றபின், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற வித்தை தனி. அதற்கு இன்னொரு கோடை பிடிக்கும். அதுவரை கரையோரமாகக் கீழ்க்காற்றுப் பக்கம் அள்ளுப்பட்டு, பட்டத்தைச் சுமந்துகொண்டு மணலில் நடந்து வர வேண்டும். எல்லாரும் நடந்தவர்கள்தான், அதனால் யாரும் நக்கலடிப்பதில்லை. வழி விடுகிற முறைகளும் உண்டு: எதிரெதிரே வந்தால் வலக்கை முன்னே வைத்து வருபவருக்கு வழி, கரையை விட்டு இறங்குபவருக்குக் கரைக்கு வருபவர் ஒதுங்க வேண்டும், பக்கம் பக்கமாகப் போனால் மேல்காற்றுக்காரர் பட்டத்தை உயர்த்த, கீழ்காற்றுக்காரர் தாழ்த்த வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு சொல். பாடத்துக்குச் சில நூறு டொலர், புதிய பட்டம், தண்டு, பலகை, உடுப்பு எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம். பழசு வாங்குவோர் அதிகம். ஆனால் பத்து வருடப் பழைய தண்டை மலிவென்று வாங்காதீர்கள், விடுபிடி இறுகிப் போயிருக்கும். காணொளி பார்த்துத் தானே பழகலாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பட்டம் என்றால் ஸ்காபரோவில் இன்னொரு கதையும் இருக்கிறது. ஸ்ரீல்ஸ், மக்கோவன் சந்திக்கருகில் உள்ள மிலிக்கன் பார்க்கில் தெற்காசியச் சனம் வார இறுதியில் கூடி, மாஞ்சா நூலில் பட்டச் சண்டை போடுவது வழக்கமாயிருந்தது. அறுந்த நூல் மரத்திலும் பறவையின் காலிலும் நடப்பவர் கழுத்திலும் சிக்கியதால், 2011இல் அந்தப் பூங்காவில் பட்டத்துக்கே தடை வந்தது. தடை சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே பட்டம் விட்டவர்களில் யாரையும் நான் செரி பீச்சில் காணவில்லை. காற்றை வாசிக்கத் தெரிந்த கைகள் அவை. நீந்தத் தெரியாமை ஒரு காரணம், காசு இன்னொன்று. இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்ற நினைப்பு மூன்றாவது, அதுதான் பெரியது.

ரொறன்ரோவின் நல்ல காற்று புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. நல்ல தண்ணீர் ஆடியிலும் ஆவணியிலும். இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம். தை மாதத்தில் சிம்கோ ஏரி உறைந்ததும் சிலர் பலகையை விட்டுப் பனிச்சறுக்குக் கட்டையைப் பூட்டி, பனிக்கட்டியின் மேல் பட்டம் விடுகிறார்கள். மற்றவர்கள் வெப்பமான கடல் தேடிப் பறக்கிறார்கள். அவர்கள் பேசும் ஊர்ப் பெயர்களில் ஒன்று கேட்டு நான் திடுக்கிட்டேன்: கற்பிட்டி. வைகாசி முதல் புரட்டாதி வரை அங்கே சோழகம் நாள் தவறாமல் வீசும், களப்பில் இடுப்பளவுத் தண்ணீர், நீருடையே தேவையில்லை. தலைமன்னாரும் இராமேஸ்வரமும் தூத்துக்குடியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் கடல்களை ஐரோப்பியப் பெடியள் எங்களை விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மருமகள் வருகிற ஆவணியில் கற்பிட்டிக்குப் போகப் போகிறாள். அக்காவிடம் அனுமதி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குளிரில்லை, தண்ணி ஆழமில்லை, சோழகம் என்று நான் அடுக்கிக்கொண்டு போக, அக்கா இடைமறித்தாள்.

"கொழும்பிலயிருந்து சிலாபத்தாலதானே போறது?"

"ஓம்."

"அப்ப முன்னேஸ்வரத்தில இறங்கிக் கும்பிட்டிட்டுப் போகட்டும். ஆவணியில திருவிழாவும் நடக்கும்."

மருமகள் அதற்கு உடனே ஓமென்றாள். விமான ரிக்கற் இன்னும் எடுக்கவில்லை. 12 சதுர மீற்றர்ப் பட்டமும் தண்டும் பம்பும் பலகையும் ஒரு பைக்குள் 23 கிலோவுக்கு அடங்குமா என்று இரண்டு நாளாகக் குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.